நிரலும் நின்று பயனின்மையும்

நூல் செய்வார் விலக்கத்தக்கனவாகப் பவணந்தி முனிவர் எண்ணிய குற்றங்கள் பத்தினுள் இறுதியில் வைக்கப்பட்டது ‘நின்று பயனின்மை’ என்பது. சொல் நிற்கும், அதனால் ஆவது யாதும் இராது. ஓலையும் எழுத்தாணியும் வழங்கிய நாளில் இக்குற்றம் எழுதுவார் கையையும் வருத்தியது. அச்சு வந்தபின் தாள் மலிந்தது. பயனில் சொற்களும் உடன் மலிந்தன. கணிப்பொறி வந்தபின்போ, அதற்கு நிரல் எழுதுவோருட் பலர் இடத்தைப் பற்றி எண்ணுவதையே மறந்துவிட்டனர். ஆயினும் ஒரு சாரார் மட்டும் ஓலைக்காலத்துச் சிக்கனத்தை இன்றும் கைவிடாது ஒழுகி வருகின்றனர். அவர் யாவரெனின், உட்பொதி நிரல் எழுதுவோர். அவர்தம் தொழிலில், பயனில் நிரலைக் களைவது எங்ஙனம் என்பதனையும், அக்களைதலில் நேரும் இடர்கள் யாவை என்பதனையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

உட்பொதி நிரலாவது, கணிப்பொறி என்று வெளிக்குத் தோன்றாத பொருளின் அகத்தே இருந்து அதனை இயக்கும் சிறு கணிப்பொறிக்கு எழுதப்படுவது. துணி வெளுக்கும் பொறி, வீட்டின் மின்னளவி, மோட்டார் வண்டியின் எஞ்சின், இதயத் துடிப்பைச் சீர்செய்யும் கருவி ஆகிய இவற்றினுள்ளெல்லாம் அத்தகைய சில்லு ஒன்று உண்டு. அதற்கு வாய்த்த இடமோ மிகச் சிறிது. நார்வே நாட்டுத் திராண்ட்ஹைம் நகரிலே, நம்மனோரைப் போல மாணாக்கராயிருந்த ஆல்ஃப் எகில் போகன், வேகார்ட் வொல்லன் என்னும் இருவர் எண்ணத்தில் உதித்தது ஏ.வி.ஆர். என்னும் சில்லு வகை. அவ்வகையைச் சேர்ந்த ஏ.டி.மெகா 328பி என்பது, பள்ளிச் சிறாரும் கையாளும் ஆர்டுயினோ ஊனோ என்னும் பலகையில் அமர்ந்திருப்பது. அதில் நிரல் உறைதற்குரிய ஃபிளாஷ் நினைவகம் 32,768 பைட்டு. இயங்குங்கால் எழுதி அழித்தற்குரிய நினைவகம் 2,048 பைட்டு. அதற்கும் இளைய ஏ.டி.டைனி 13 என்பதற்கோ நிரலிடம் 1,024 பைட்டு; எழுதி அழிக்கும் இடம் 64 பைட்டே. இவ்வெண்கள் எத்துணைச் சிறியன என்பதற்கு ஓர் அளவு கூறுகின்றேன். யூனிகோடின் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளும். ஆகவே முற்கூறிய பெரிய சில்லிலும் 10,922 குறிகளுக்கு மேல் அடங்கா. இக்கட்டுரையை முழுதும் அதில் பொறித்துவைக்க இயலாது.

இடம் வேண்டின் பெரிய சில்லை வாங்கலாகாதோ எனின், ஒன்றிரண்டு செய்வார்க்கு அஃது எளிது. இலட்சக்கணக்கிற் செய்து விற்பார்க்குச் சில்லு ஒன்றின் விலையில் ஏறும் சில காசும் பெருந்தொகையாய் வந்து நிற்கும். இனி, விலையைக் கருத வேண்டாத இடத்திலும் இடம் தானே அரிதாயிருந்த காலம் உண்டு. 1969ஆம் ஆண்டு மனிதரைச் சந்திரனில் இறக்கிய அப்பல்லோக் கலத்துக் கணிப்பொறியின் நிலைத்த நினைவகம் 36,864 சொல் அளவினது. அதன் நிரலைச் சிறு காந்த வளையங்களினூடும் புறத்துமாகக் கம்பியைச் செலுத்தி, மசாசூசெட்ஸ் மாநிலத்துத் தொழிற்சாலையொன்றில் பெண்கள் கையால் நெய்தனர். நெய்தபின் ஒரு சொல்லைக் களைவதென்றால் தறியைப் பிரிப்பதை ஒக்கும். களைய வேண்டியதை நெய்தற்கு முன்னரே களைந்தாக வேண்டும்.

இக்காலத்து வழக்கில் இக்களைதல் இரண்டு இடத்தில் நிகழ்கின்றது. ஒருவர் சி மொழியில் எழுதிய மூல நிரல் பல கோப்புக்களாய் இருக்கும். கம்பைலர் என்னும் தொகுப்பி ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே எடுத்துச் சில்லின் மொழிக்குப் பெயர்க்கும். பெயர்த்த துண்டுகளையெல்லாம் ஒன்றாகப் பொருத்தி, இன்னது இன்ன முகவரியில் இருக்க என விதிப்பது லிங்கர் என்னும் இணைப்பி. இவ்விருவர்க்கும் அறிவெல்லை வேறு என்பதனை முதற்கண் உணர்தல் வேண்டும். தொகுப்பி ஒரு கோப்பை நோக்குங்கால் ஏனைக் கோப்புக்களை அறியாது. ஆதலின், அக்கோப்புக்கே உரியதென்று ‘ஸ்டாட்டிக்’ என்னும் அடைமொழி பெற்ற செயற்கூறு ஒன்று அங்கே யாராலும் அழைக்கப்படாவிடின், அதனைத் துணிந்து நீக்கும். ஒருகாலும் மெய்யாகாத நிபந்தனையின்கீழ்க் கிடக்கும் வரிகளையும் நீக்கும். அடைமொழி பெறாத செயற்கூறுகளையோ தொட அஞ்சும். என்னை? வேறொரு கோப்பிலுள்ளார் அதனை அழைக்கக் கூடுமன்றோ! அவ்வையப்பாட்டைத் தீர்க்கவல்லது, எல்லாத் துண்டுகளையும் ஒருங்கு காணும் இணைப்பியே.

ஆனால் இணைப்பிக்கும் பழைய நாளில் ஒரு தடை இருந்தது. அது துண்டைப் பிளக்க அறியாது. ஒரு கோப்பிலிருந்து பெயர்ந்து வந்த செயற்கூறுகள் அனைத்தும் ஒரே பிழம்பாய்க் கிடக்கும். அவற்றுள் ஒன்று வேண்டின் யாவும் உடன் வரும். கல்லூரி விடுதியில் ஒரு மாணாக்கனுக்கு அழைப்பு விடுத்தால் அறையிலுள்ளார் நால்வரும் விருந்துக்கு வந்து அமர்வது போல என்க. இது கருதியே பொதுநூலகம் செய்த முன்னையோர், ஒரு கோப்பில் ஒரு செயற்கூறே எழுதும் வழக்கத்தைக் கொண்டனர். நூலகத்தினின்று வேண்டிய துண்டை மட்டும் எடுப்பது இணைப்பிக்கு முன்னரே தெரிந்த கலை; துண்டு சிறிதாயின் மிகையும் சிறிதாம். நல்ல உபாயந்தான், எனினும் நாள்தோறும் நிரல் எழுதுவார் எல்லாரும் அப்பொறுமைக்கு உரியவரல்லர்.

இத்தடையை நீக்க ஜி.சி.சி. என்னும் தொகுப்பியில் இரண்டு ஏவல்கள் உள்ளன: ‘ஃபங்ஷன் செக்ஷன்ஸ்’, ‘டேட்டா செக்ஷன்ஸ்’ என்பன. இவற்றைத் தந்தால், எழுதியவர் எத்துணைச் செயற்கூறுகளை ஒரு கோப்பில் அடைத்திருப்பினும், தொகுப்பி ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிரிவாகக் கட்டி வைக்கும். பின்பு இணைப்பிக்கு ‘ஜி.சி. செக்ஷன்ஸ்’ என்னும் ஏவலைத் தந்தால் களைதல் தொடங்கும். ஜி.சி. என்பது குப்பை வாருதல் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். இப்பெயர் எனக்கு உடன்பாடன்று. குப்பை எதுவெனத் தேடிச் செல்வதன்று அச்செயல். வேண்டுவது எதுவெனத் தேடிச் சென்று, எட்டாததை விட்டொழிப்பது. முதலில் நிரலின் தொடக்கத்துக்கு ஒரு குறி இடும். தொடக்கம் எவ்வெவற்றைச் சுட்டுகின்றதோ அவற்றுக்கு அடுத்துக் குறி இடும். அவை சுட்டுவனவற்றுக்கும், அவற்றால் சுட்டப்படுவனவற்றுக்கும் இவ்வாறே இட்டுச் செல்லும். சுட்டுக் கயிறு அறுமிடத்து நின்று, குறி பெறாத பிரிவுகளை விடுத்து ஏனையவற்றைக் கட்டும். இரண்டு செயற்கூறுகள் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு, புறத்தார் எவராலும் அழைக்கப்படாதிருப்பின் இரண்டும் ஒருசேர ஒழியும். தம்முள் தாமே புகழ்ந்துகொள்ளும் இருவர்க்கு ஊரில் மதிப்பு இல்லாமை போல. 1960ஆம் ஆண்டில் ஜான் மெக்கார்த்தி என்பார் லிஸ்ப் மொழிக்கு நினைவகம் மீட்கும் முறையை உரைத்த காலத்துக் கொண்டதும் இக்கருத்தே.

2010ஆம் ஆண்டு வெளிவந்த ஜி.சி.சி. 4.5 முதல், இணைக்கும் வேளையிலேயே நிரல் முழுவதையும் ஒரு கோப்பெனக் கொண்டு தொகுப்பி மீண்டும் ஆராயும் முறையும் சேர்ந்தது. அழைப்போர் எல்லாரும் ஒரு செயற்கூறுக்குச் சுழியத்தையே கொடுக்கின்றனர் என்பது தெரியவரின், சுழியம் அல்லாத வேளைக்கென எழுதிய பகுதியையும் அது நீக்கவல்லது. அஃதாவது, செயற்கூற்றின் உள்ளேயும் கத்தி புகுகின்றது.

இதுகாறும் கூறியவற்றால் ஒன்று விளங்கும். இணைப்பி அறிவது சுட்டு ஒன்றையே. பயனை அஃது அறியாது. எவரேனும் பெயர் சொல்லி அழைத்தால் ‘இது வேண்டும்’ என்று கொள்ளும். அழையாவிடின் ‘வேண்டா’ என்று கொள்ளும். இதனால் இருபுறத்தும் பிழை நேரக் காண்கின்றோம்.

முதலாவது, வேண்டுவதை எறிந்துவிடும் பிழை. கைப்பேசி முதலிய பல கருவிகளுக்குச் சில்லு வகுக்கும் ஆர்ம் நிறுவனத்தார் உட்பொதி வேலைக்கென வகுத்தவற்றைக் கார்ட்டெக்ஸ்-எம் என்பர். இவ்வகைச் சில்லு விழித்தெழுந்தவுடன் நினைவகத்தின் தலைப்பில் உள்ள ஓர் அட்டவணையைப் பார்க்கும். அதன் முதற் சொல்லால் அடுக்கின் முகவரியையும், இரண்டாஞ் சொல்லால் தான் முதலில் இயற்ற வேண்டுவது எங்குள்ளது என்பதனையும் அறியும். கடிகாரம் ஒரு துடிப்புத் துடித்தாலும், பொத்தான் ஒன்று அழுத்தப்பட்டாலும், அதற்கு விடைகூறும் செயற்கூற்றின் முகவரியும் அவ்வட்டவணையிலேயே உண்டு. இவ்வட்டவணையை அழைப்பவர் யார்? நிரலில் ஒருவரும் இலர், அழைப்பது வன்பொருள். வன்பொருளின் அழைப்பு இணைப்பியின் செவிக்கு எட்டாது. ஆகவே தனியே விட்டால், நிரல் உயிர்த்தெழுதற்கு இன்றியமையாத அட்டவணையையே அது பயனில் பொருளென்று எறிந்துவிடும். இது நேராதபடி, இணைப்பிக்கு இடம் வகுத்துக் கொடுக்கும் ஏட்டில் ‘கீப்’ என்னும் காப்புச்சொல்லை அவ்வட்டவணைக்கு இடுவர். ‘அழைப்பார் இலராயினும் இதனை வைத்திரு’ என்பது அதன் பொருள்.

அட்டவணையைக் காத்த பின்னும் ஒரு நுண்ணிய இடர் உள்ளது. அட்டவணையில் ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் ஒரு பெயர் முன்னரே எழுதப்பட்டிருக்கும். அப்பெயரால் நாம் ஒரு செயற்கூற்றை எழுதினால் அது அவ்விடத்திற் சென்று அமரும்; எழுதாவிடின், ஒன்றும் செய்யாது சுழன்றுகொண்டேயிருக்கும் பொதுச் செயற்கூறு ஒன்று அவ்விடத்தைக் காத்து நிற்கும். இனி நாம் எழுதுங்கால் பெயரில் ஓரெழுத்துப் பிறழ்ந்ததாகக் கொள்க. அட்டவணை அப்பெயரை அறியாது. பிறழ்ந்த பெயரையுடைய நம் செயற்கூற்றை அழைப்பார் எவரும் இலர். இணைப்பி அதனை ஒலியின்றிக் களைந்துவிடும். பிழையறிவிப்பும் வாராது, நிரல் முன்னினும் சிறுத்து அழகாய்க் கட்டப்பட்டு வரும். குறுக்கீடு நிகழ்ந்த கணத்திற் கருவி திகைத்து நின்றுவிடும். எழுத்துப்பிழைக்கு இத்துணைக் கடுந்தண்டம் தமிழ்ப் பரீட்சையிலும் இல்லை! ஏ.வி.ஆர். சில்லுக்குரிய தொகுப்பி இவ்வகையில் இரக்கமுடையது. குறுக்கீட்டுச் செயற்கூற்றின் பெயர் பிறழ்ந்தது போலும் என்று எழுதியவர்க்கு எச்சரிக்கை தரும்.

நிரலின் பதிப்பெண், தொழிற்சாலையில் அளந்து பொறித்த திருத்தக் குறிப்பு முதலியவற்றுக்கும் இந்நிலையே. அவற்றை வாசிப்பது புறத்தேயிருந்து வந்து பொருந்தும் வேறொரு கருவி. அகத்தே சுட்டுவார் இன்மையால் அவையும் அழியும். ‘யூஸ்ட்’ என்னும் அடைமொழியைத் தந்தால் போதும் என்று எண்ணுவோர் உளர். அது தொகுப்பிக்கு மட்டும் கட்டளை, இணைப்பியைக் கட்டாது. வாயில் காப்போன் ஒருவனிடம் சீட்டுக் காட்டி உட்புகுந்தாரை அடுத்த வாயிலோன் தடுத்தல் போன்றது இது. இணைப்பியையும் கட்டுவதற்கென ‘ரீட்டெய்ன்’ என்னும் வேறோர் அடைமொழி 2021ஆம் ஆண்டு வந்த ஜி.சி.சி. 11இல் சேர்க்கப்பட்டது.

தொகுப்பியும் இவ்வாறு பிழைப்பதுண்டு. அஃது இன்னும் அஞ்சத்தக்கது. கடவுச்சொல் ஒன்றைச் சோதித்து முடித்தபின், அது நினைவகத்திற் கிடந்து பிறர் கையிற் சிக்காதபடி, அவ்விடத்தைச் சுழியத்தால் நிரப்பி விடுக என்று எழுதுவர். தொகுப்பி நோக்கும்: நிரப்பிய இடத்தை அதன்பின் எவரும் வாசிக்கவில்லை, ஆகவே நிரப்புதல் வீண் என்று அவ்வரியை நீக்கிவிடும். மறைபொருள் அங்ஙனே கிடக்கும். தொகுப்பி மொழியின் விதியை மீறவில்லை என்பதே இதில் வியப்பு. இவ்விடர் நெடுநாள் இருந்து வந்தமையால், சி மொழியின் 2023ஆம் ஆண்டு விதிநூலில், நீக்கலாகாத நிரப்புதற்கென்றே ஒரு செயற்கூறு சேர்க்கப்பட்டது. செய்யுளில் அசைச்சொல்லைப் பொருளில்லை என்று பறித்தெறிந்தால் தளை சிதைகின்றதன்றோ? பொருளின்மை வேறு, பயனின்மை வேறு என்பதனைத் தமிழ் பயில்வார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, வேண்டாததை வைத்துக்கொள்ளும் பிழை. ஓர் எண்ணைத் திரையிற் காட்டுதற்குப் ‘பிரின்ட்-எஃப்’ என்னும் செயற்கூற்றை ஒரே ஒரு முறை அழைக்கின்றோம் எனக் கொள்க. அதற்குப் பின்னே நிற்பது, எண், எழுத்து, சொற்றொடர், பதினாறடி எண், பின்னம் என எவ்வகையையும் எழுதிக் காட்டவல்ல ஒரு பேரியந்திரம். நமக்கு வேண்டுவது முழு எண் ஒன்றே என்பது, இயங்குங்கால் வாசிக்கப்படும் ஒரு சொற்றொடரினுள் மறைந்து கிடத்தலின் இணைப்பிக்குத் தெரியாது. எனவே இயந்திரம் முழுதும் சில்லினுட் புகும். இங்கே மனிதர் இடைப்புகுதல் வேண்டும். ஏ.வி.ஆர். சில்லுக்குரிய நூலகத்தார் அச்செயற்கூற்றைச் சிறிது, இடைத்தரம், பெரிது என மூவகையாகச் செய்து வைத்து, இணைக்கும்போது ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்கின்றனர். பொதுவாய் வருவது இடைத்தரம். அதில் பின்ன எண் எழுதும் பகுதி இல்லை. இதனை அறியாது வெப்பநிலையைப் பின்னத்தோடு எழுதப் புகும் புதியவர் எண்ணுக்கு ஈடாக ஒரு கேள்விக்குறியைக் கண்டு மயங்குவர். கருவி பழுதென்று ஐயுறுவாரும் உளர். பெரிய வகையைக் கேட்டு வாங்கினால் எண் தோன்றும், இடமும் செலவாகும்.

செயற்கூறுகளின் முகவரிகளை ஓர் அட்டவணையில் அடுக்கி, எண்ணால் ஒன்றைத் தேர்ந்து அழைப்பதும் இத்தகையதே. அட்டவணையைச் சுட்டினால் அதிலுள்ளார் யாவரும் சுட்டப்பட்டவராவர். அவருள் பத்தாமவர் ஒருநாளும் அழைக்கப்படார் என்று எழுதியவர் அறிவார், இணைப்பி அறியாது. இவற்றையெல்லாம் கண்டுகொள்ள இணைப்பி எழுதித் தரும் ‘மாப்’ என்னும் படக்கோப்பு உதவும். எது எங்கே அமர்ந்தது, எத்துணை இடம் கொண்டது, யார் அழைக்க வந்தது என்பன அதிற் காணப்படும். களைந்தவற்றின் பெயர்களை வரிசையாக அச்சிடுமாறும் இணைப்பியை ஏவலாம். பெயர் பிறழ்ந்த செயற்கூறு அப்பட்டியலிலேதான் அகப்படும். நிரல் கட்டி முடிந்தவுடன் அப்பட்டியலை ஒருமுறை வாசித்தலை, நெடுநேரம் பிழை தேடுவதினும் நல்ல செலவென்று கருதுகின்றேன்.

வானவூர்தி நிரலுக்கென அமைந்த டி.ஓ.-178 என்னும் விதிநூல் இவ்வேறுபாட்டை நன்கு கண்டு, இரண்டு பெயரிட்டு வழங்குகின்றது. பிழையால் எஞ்சி, எந்நிலையிலும் இயங்கக்கூடாததாய்க் கிடக்கும் நிரல் இறந்த நிரல்; அதனை நீக்கியே ஆக வேண்டும். இவ்வூர்தியில் வேண்டா, பிறிதோர் அமைப்பில் வேண்டும் என அறிந்தே அடக்கி வைத்தது உறங்கும் நிரல். அது தற்செயலாய் விழித்தெழாது என்பதனை மெய்ப்பித்துக் காட்டினால் இருக்கலாம். இவ்விரண்டன்றி மூன்றாவதொன்றும் உண்டு. விழித்தே இருந்து, முறையாக அழைக்கப்பட்டு, ஓயாது இயங்கி, ஒரு பயனும் தாராது நிற்கும் நிரல் அது. எந்த இணைப்பியின் சல்லடையிலும் அது அகப்படாது.

1996ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4ஆம் நாள், தென்னமெரிக்காவின் வடகரையிலுள்ள பிரெஞ்சுக் கயானாவின் கூரூ ஏவுதளத்தினின்று ஏரியன் 5 என்னும் புதிய ராக்கெட் முதன்முறை எழுந்தது. பூமியின் காந்த மண்டலத்தை ஆராய்தற்கமைந்த கிளஸ்டர் செயற்கைக்கோள்கள் நான்கு அதன் தலையில் இருந்தன. அதன் நிலையையும் திசையையும் உணர்த்தும் கருவியில் இயங்கிய நிரல், முன்னைய ஏரியன் 4இனின்று எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்நிரலில், ஏவுதற்கு முன் தரையில் கருவியை நேர்செய்யும் செயற்கூறு ஒன்று உண்டு. ராக்கெட் எழுந்தபின் அதன் விடைக்குப் பொருளே இல்லை. ஆயினும் ஏரியன் 4இல், எழுவதற்குச் சில நொடி முன்னர் ஏவுதல் தடைப்படின் மீண்டும் முதலிலிருந்து நேர்செய்ய நெடுநேரம் ஆகுமென்று, எழுந்தபின்னும் ஏறக்குறைய 40 நொடி அஃது இயங்குமாறு வைத்திருந்தனர். ஏரியன் 5இன் ஏவுமுறை வேறு. அங்கே அதற்கு வேலை இல்லை. நன்றாய் இயங்கிவந்த நிரலிற் கைவைத்தல் தகாதென்று அதனை அவ்வாறே விட்டனர்.

ஏரியன் 5இன் கிடைவேகம் ஏரியன் 4இனுடையதினும் ஐந்து மடங்கு விரைவில் ஏறுவது. அவ்வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை, 64 பிட்டுப் பின்ன வடிவினின்று 16 பிட்டு முழு எண்ணாக மாற்ற அப்பயனில் செயற்கூறு முயன்றது. 16 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. வந்த எண் அதனைக் கடந்தது. அத்தகைய மாற்றங்கள் ஏழனுள் நான்குக்கே காப்பு இட்டிருந்தனர். கணிப்பொறியின் சுமை எண்பது விழுக்காட்டைக் கடத்தலாகாது என்பது பற்றி மூன்றை விட்டிருந்தனர். விட்ட மூன்றனுள் இஃது ஒன்று. எழுந்த 30ஆம் நொடியளவில் துணைக்கருவி முதலில் நின்றது; அதே நிரலைக் கொண்டிருந்த முதற்கருவியும் நொடியின் பத்திலொரு பங்கும் கழியாமுன் அதே காரணத்தால் நின்றது. நிற்குங்கால் அது விடுத்த பழுதுக் குறிப்பை, வழிநடத்தும் கணிப்பொறி பறப்பின் அளவென்று பிறழ உணர்ந்து, எஞ்சின்களின் வாயைக் கடைசிவரை திருப்பியது. ராக்கெட் காற்றின் எதிரே குறுக்கே சாய்ந்து பிளந்து, தன்னைத் தானே வெடித்து அழிந்தது. கோள்கள் நான்கும் உடன் அழிந்தன.

கணித அறிஞர் ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் அமைந்த ஆய்வுக்குழு அவ்வாண்டு ஜூலையிலேயே தன் அறிக்கையைத் தந்தது. குழுவினர் கூறிய திருத்தங்களுள் முதலாவது இது: ராக்கெட் எழுந்தவுடன் நேர்செய்யும் செயற்கூற்றை நிறுத்திவிட வேண்டும், பொதுவாக, வேண்டப்படாத எந்நிரற்கூறும் பறக்கும்போது இயங்கலாகாது. ஏரியன் 5 இரண்டாம் முறை எழுந்தது 1997ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாளில்.